எண்ணெய் வேண்டாம்

பிசியோதெரபி பிரிவில் எந்நேரமும் சத்தம். கப்பியில் கயிறு கிறீச்சிடுகிறது. தோள் சக்கரம் சுற்றுகிறவர் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணுகிறார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவரை மகன் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவைக்கிறார். "இழுக்காதப்பா, தூக்கி வை" என்று அவர் சொல்லச் சொல்ல, பெரியவர் இழுத்துக்கொண்டேதான் போகிறார். மூட்டுவலிக்காரர்கள் கையை முக்கி எடுக்கும் தொட்டியிலிருந்து உருகிய மெழுகின் வாசனை வருகிறது. இத்தனைக்கும் கடைசியில் ஓர் அறை. கதவு கிடையாது, பச்சைத் திரைதான். அதற்குள் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

சென்னையில் இருக்கும் அரசு மருத்துவமனைகளில் ஒன்று அது. திரைக்குள் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, துணைக்கு வரும் பெண்களுக்கு மூலையில் ஒரு ஸ்டூல். சித்திக்குத் துணையாகப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பேச வேலையில்லை. பார்க்கத்தான் நிறைய இருந்தது.

முதல் கட்டிலில் திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மகள் வீடு வியாசர்பாடியில். இடது மார்பை எடுத்து, அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, கரண்டும் வைத்து முடித்து ஊருக்குப் போனவர். கதிர்வீச்சு சிகிச்சையைக் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் வார்டு முழுக்கச் சொல்கிறார்கள். ஊரில் ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு இடது கை கனக்க ஆரம்பித்தது. ரவிக்கைக் கை நுழையவில்லை. கண்ணாடி வளையலைச் சோப்பு போட்டும் கழற்ற முடியாமல், துணியைச் சுற்றி உடைத்தார்களாம். இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சியது. மசாஜ் என்று டாக்டர் சொன்னாரே, வெறுங்கையோடு வரலாமா?

"எண்ணெய் வேண்டாம்மா."

"சூடு பண்ணி எடுத்தாந்தேன் பாப்பா."

"இதுக்கு எண்ணெய் ஆகாதும்மா. வழுக்கிடும்."

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எண்ணெய் இல்லாத மசாஜை நம் ஊரில் யார் கண்டார்கள்? பிரசவம் ஆன பெண்ணுக்கு, பச்சைப்பிள்ளைக்கு, சுளுக்குக்கு, களத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த காலுக்கு, எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான். அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுத்தால்தான் உருவியதில் சேர்த்தி.

பிசியோ பெண்ணுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். கையைக் கழுவித் துடைத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார். வீங்கியிருந்தது கை. அவர் தொட்டதோ கழுத்து. காறை எலும்புக்கு மேலே பள்ளம் விழும் இடத்தில் இரண்டு பக்கமும் விரல்களைப் படிய வைத்து, தோலை மட்டும் மெல்லக் கொஞ்ச தூரம் தள்ளினார், விட்டார். தள்ளினார், விட்டார். அழுத்தமே இல்லை. விரல் தோலின் மேல் வழுக்கவும் இல்லை. தோலோடு சேர்ந்தே நகர்ந்து சேர்ந்தே திரும்பியது. இந்த வேலையில் எண்ணெய்க்கு ஏன் இடமில்லை என்பது அப்போது புரிந்தது. வழுக்கினால் தோல் இழுபடாது. இழுபடுவதுதான் விஷயம்.

பிறகு, "வயிறு வரைக்கும் மூச்சை இழுங்கம்மா. மெதுவா விடுங்க." அடுத்தது வலது அக்குள். நன்றாக இருக்கும் பக்கம். அதன் பிறகு இடது தொடை இடுக்கு. பிறகு மார்பின் குறுக்கே, தழும்பை ஒட்டி, இடமிருந்து வலமாக நகர்ந்தார். கால்மணி நேரத்துக்கு மேல் ஆகியும் வீங்கிய கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அம்மா பொறுத்துப் பார்த்தார்.

"கை இங்கதான் இருக்கு பாப்பா."

பெண் சிரித்தார். "தெரியும்மா. போற வழியை முதல்ல திறக்கணும்ல?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "ஆமா. வயல்ல தண்ணி நிக்குதுன்னு வயல்லயே நின்னு இறைச்சா ஆகுமா? வடிகால் வாய்க்கால்ல ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டாத் தானா வடியும்" என்றார். நிணநீர் பற்றி நான் படித்த பாடங்கள் எதிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

உடம்பில் நடப்பது ஏறக்குறைய அதுதான். ரத்தம் மயிரிழைக் குழாய்களில் ஓடும்போது அதிலிருந்து நீர் கசிந்து திசுக்களுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். புரதம், கொழுப்பு, செத்த செல்களின் துணுக்குகள், உள்ளே புகுந்த கிருமிகள் எல்லாம் அந்த நீரில் சேரும். அதைத் திரும்ப அள்ளிக்கொண்டு போக, ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. வழிநெடுகக் கணுக்கள், உடம்பு முழுக்க ஏறத்தாழ 600. தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் 'நெறி கட்டுகிறது' என்கிறோமே, அது இந்தக் கணுக்களில் ஒன்று வீங்குவதுதான். கணுக்களில் வடிகட்டப்பட்ட நீர், நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர், கழுத்தடியில் பெரிய சிரையில் கலந்து மறுபடி ரத்தமாகிறது. வலது கை, தலையின் வலப்பாதி, நெஞ்சின் வலப்பாதி ஆகியவற்றின் நீர் வலப்பக்கம் கலக்கும். மற்றதெல்லாம் இடப்பக்கம். பிசியோ பெண் கழுத்தில் தொடங்கியது கடைசி வாய்க்கால் அங்கே இருப்பதால்.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. இந்த நீரைத் தள்ளத் தனி பம்பு இல்லை. குழாய்கள் தாமாகவே மெல்லச் சுருங்கிச் சுருங்கித் தள்ளும். தசை அசைந்தால் நகரும், ஆழமாக மூச்சு விட்டால் நகரும். தோலுக்கு நேர் கீழே இருக்கும் ஆரம்பக் குழாய்கள் மிக மெல்லியவை. அவற்றின் சுவரைச் சுற்றியிருக்கும் திசுவோடு நுண்ணிய இழைகள் கட்டி வைத்திருக்கின்றன. தோல் லேசாக இழுபட்டால் இழை இழுபடும். சுவரில் வாய் திறக்கும். நீர் உள்ளே போகும். ஓங்கி அழுத்தினால் அந்தக் குழாய் நசுங்கும். அவ்வளவு பூப்போலத் தொட்டதற்குக் காரணம் இரக்கம் அல்ல, இயற்பியல்.

மார்பகப் புற்று அறுவை சிகிச்சையில் புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் அகற்றவும் அக்குள் கணுக்களை எடுக்கிறார்கள். எடுத்தே ஆகவேண்டிய நிலைமை பலருக்கு உண்டு. ஆனால் கையின் நீர் வடியும் வழி அதுதான். கதிர்வீச்சு பட்டால் மிச்சமிருக்கும் வழியும் இறுகும். உலக அளவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. எல்லாக் கணுக்களையும் எடுக்காமல், நீர் முதலில் வந்து சேரும் 'காவல் கணு'வை மட்டும் எடுத்துச் சோதிப்பவர்களிடம் இது வெகுவாகக் குறைவு. ஐந்தில் ஒருவர் என்பது சின்னக் கணக்கு அல்ல. இருந்தும் 'கை வீங்கலாம்' என்ற ஒரு வரியை டிஸ்சார்ஜ் அன்றைக்குக்கூட யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அந்த அம்மா சொன்னார். சொல்லியிருப்பார்கள், பயத்தில் காதில் விழுந்திருக்காது என்று பிசியோ பெண் சமாதானம் சொன்னார். எனக்கென்னவோ இரண்டும் நடந்திருக்கும் என்றே தோன்றியது.

பிசியோ பெண் இப்போது கைக்கு வந்திருந்தார். அதிலும் விரலிலிருந்து மேலே உருவவில்லை. முதலில் தோளுக்குப் பக்கம், பிறகு மேற்கையின் நடு, பிறகு முழங்கை, பிறகு முன்கை, கடைசியில் புறங்கை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு முறை. எல்லா அசைவும் தோளை நோக்கி. புறங்கையில் கட்டை விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. "குழி விழுதுல்ல, நல்லதும்மா. இன்னும் தண்ணியாத்தான் இருக்கு. விட்டா கெட்டியாயிடும். அப்புறம் இறங்காது." அம்மா அந்தக் குழி மெதுவாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் அவருக்குக் கண் சொக்கிவிட்டது. இந்த நீவலில் பலரும் தூங்கிப்போவதுண்டு.

விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "இம்புட்டுத்தானா?"

இம்புட்டு இல்லை. வேலையே இனிமேல்தான். கையை நீவியது முன்னுரை, கட்டுப் போடுவதுதான் கதை. டேப்பை எடுத்து மணிக்கட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக இரண்டு கைகளையும் சுற்றளவு எடுத்து அட்டையில் எழுதினார். பிறகு கையில் ஒரு காட்டன் குழாய்த் துணி. ஐந்து விரல்களுக்கும் தனித்தனியாக மெல்லிய காஸ் சுற்று, நகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. அதன்மேல் பஞ்சு உருளை, முழங்கை மடிப்பில் இரண்டு சுற்று கூடுதல். அதற்கு மேல்தான் கட்டுத்துணி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருளை. நமக்குத் தெரிந்த கிரேப் பேண்டேஜ் போல ரப்பராக இழுபடாது இது, கொஞ்சம்தான் நீளும். அதனால் கையைச் சும்மா வைத்திருக்கும்போது நெருக்காது. கையை மடக்கி நீட்டும்போது தசை புடைத்துக் கட்டின் மேல் மோதும், மோதுகிற ஒவ்வொரு தடவையும் நீர் கொஞ்சம் மேலே ஏறும். கட்டோடு கையைத் தூக்கிச் சுவரில் பொருத்தியிருந்த விரல் ஏணியில் விரலால் ஏறச் சொன்னார். அம்மா ஏறினார். ஆறாவது படியில் நின்று, "கை என்னுது மாதிரியே இல்ல" என்றார்.

கட்டு போட்டுப் பார்த்து, அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை சுற்றியது அவருடைய மகள். ஒன்பது மணி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த பெண். மேலே சுற்று இறுகலாகவும் விரல் பக்கம் தளர்வாகவும் போட்டுவிட்டார். "தலைகீழா போட்டா தண்ணி கையிலேயே மாட்டிக்கும்மா. விரல்கிட்ட இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு." அவிழ்த்தார்கள். மூன்றாம் முறை சரியாக வந்தது. தினம் மாலை இதைச் செய்ய வேண்டும். காலையில் அவிழ்த்துத் துணியைச் சோப்பில் அலசி நிழலில் காயவைத்து, காய்ந்ததும் உருளையாகச் சுற்றி வைக்க வேண்டும். வீக்கம் இறங்கிய பிறகு அளவெடுத்து, கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் மாட்டிக்கொள்ளலாம். நல்ல ஸ்லீவ் சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றவும் வேண்டும். எத்தனை நாளைக்கு என்று மகள் கேட்டார். பிசியோ பெண் பதிலைச் சுற்றி வளைக்கவில்லை. "எப்பவும்தான். சுகர், பிரஷர் மாதிரி நெனச்சுக்கோங்க."

இரண்டாவது கட்டிலுக்கு வர வேண்டியவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். காசிமேட்டில் மீன் விற்பவர். பழைய நோயாளிதான், அட்டையை நீட்டிக்கொண்டு உரிமையோடு உள்ளே வந்தார். வந்தவரின் கையைப் பார்த்ததுமே பிசியோ பெண்ணின் முகம் மாறியது. முன்கை முழுக்கச் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. தொடாமலே, "ஜுரம் இருக்கா?" என்றார். ராத்திரி குளிர் தூக்கிப் போட்டதாம். மூன்று நாளைக்கு முன்னால் மீன் முள் குத்தியது, அதெல்லாம் எப்போதும் குத்துவதுதானே?

"இன்னைக்கு மசாஜ் கிடையாதுக்கா. கட்டும் கிடையாது. நேரா சர்ஜரி ஓபிக்குப் போங்க. சீட்டு எழுதித் தரேன், வரிசையில நிக்க வேணாம்."

"ரெண்டு பஸ் மாறி வந்துருக்கேன்மா. லேசா நீவி வுட்டா வலி கொறையும்."

"தொட மாட்டேன்க்கா."

வடிகால் இல்லாத கையில் தேங்கும் நீர் கிருமிக்கு விருந்து. ஒரு முள், ஒரு கொசுக்கடி, நகவெட்டி பட்ட ஒரு கீறல் போதும். தோலுக்கடியில் தொற்று பரவி ஒரே நாளில் கை முழுக்கச் சிவந்துவிடும். அப்போது நீவினால் தொற்றும் சேர்ந்து பயணப்படும். முதலில் ஆன்டிபயாட்டிக், பிறகுதான் மற்றதெல்லாம். காலில் ரத்தக்கட்டி அடைத்திருப்பவர்களையும், இதயம் செயலிழந்து உடம்பில் நீர் சேர்ந்திருப்பவர்களையும் இதே போலத் திருப்பி அனுப்புவார்கள். நீவக் கற்றுக்கொள்வதைவிட எப்போது நீவக்கூடாது என்று கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பெரிய படிப்பு போலிருக்கிறது. மீன்காரம்மா முனகிக்கொண்டே போனார். அவருடன் வார்டு உதவியாளர் ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் அந்தப் பெண் அடுத்த வேலையைப் பார்த்தார்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்ஸின் கான் நகரத்தில் மசாஜ் நிலையம் நடத்தினார்கள். ஓயாத சளியும் கழுத்தில் வீங்கிய கணுக்களுமாக வந்தவர்களுக்கு, கணுக்களைத் தொடவே கூடாது என்று மருத்துவர்கள் சொன்ன காலத்தில், வோடர் மெல்ல வட்டமாக நீவிப் பார்த்தார். 1936இல் பாரிஸில் அதை வெளியுலகுக்குக் காட்டினார். காட்டிய இடம் மருத்துவ மாநாடு அல்ல, உடல்நலம், அழகு தொடர்பான கண்காட்சி. மருத்துவர்கள் நெடுங்காலம் அதைப் பொருட்படுத்தவில்லை; அழகுநிலையங்கள்தான் முதலில் வரவேற்றன. ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் வேலை செய்த மிகாயேல் ஃபோல்டி என்ற மருத்துவர், இந்த நீவலோடு கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார். திரைக்குள் நான் பார்த்தது அந்த நான்கும் சேர்ந்ததைத்தான்.

அதனால் அழகுநிலையத்துக்கு இதில் பாத்தியதை கிடையாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. புருவம் திருத்தப் போன ஒரு பார்லரில் பக்கத்து நாற்காலியில் கல்யாணப்பெண் ஒருத்தி. ரிசப்ஷனுக்கு முதல் நாள். முகத்தில் ஏதோ கல்லை வைத்து இழுத்துக்கொண்டே, "லிம்ஃபாட்டிக் டிரைனேஜ் மேடம், டாக்ஸின் எல்லாம் வெளியே போயிடும். தாடை ஷேப் வந்துடும், வெயிட்டும் குறையும்" என்றார் பணிப்பெண். போகிற டாக்ஸின் எந்த வழியாக வெளியே போகும் என்று மணப்பெண் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நிணநீர் வெளியே எங்கும் போவதில்லை. கழுத்தில் ரத்தத்தோடு கலந்து உள்ளேயேதான் சுற்றும். கழிவைப் பிரிக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கின்றன. முகத்தில் காலையில் இருக்கும் உப்பல் கொஞ்ச நேரம் குறையலாம், நிஜம்தான். சாயங்காலம் சாப்பாட்டில் உப்பு கூடினால் மறுநாள் அது திரும்பி வரும். கொழுப்பு கரையாது. உடல் களைப்பு தீர்ந்து சுகமாக இருக்கும் என்று சொல்லி அதற்குக் காசு வாங்கினால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

வடியும் வழி பழுதில்லாத முகத்துக்கு இது நகரத்தின் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. வழி வெட்டுப்பட்ட கைக்கு இது இருக்கிறதென்றே தெரியாமல் வளையலை உடைத்துக்கொண்டிருக்கிறோம். பச்சைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறுத்தியது இது ஒன்றுதான்.

உண்மையில் என்ன பலன்? இதில் மிகைப்படுத்த வேண்டியதில்லை. மார்பகப் புற்றுக்குப் பின் வரும் கை வீக்கம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. நீவல் பாதுகாப்பானது. வீக்கம் குறைவதில் பெரும்பங்கு கட்டுக்குத்தான். கட்டால் மட்டுமே கூடுதல் வீக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. அதோடு நீவலும் சேர்ந்தால் இன்னும் சுமார் 7 சதவீதம். அதிலும் வீக்கம் லேசாக, நடுத்தரமாக இருக்கும்போதே வந்தவர்களுக்குத்தான் அந்தக் கூடுதல் பலன். வெறும் நீவலை மட்டும் நம்பி உட்கார்ந்தால் இறங்கியது மறுபடி ஏறிவிடலாம். ஆனால் கை கனம் குறைந்து, தோல் இளகி, வலி தணிந்து, ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது சதவீதத்தில் அடங்காது. வீங்கிய கையைத் தூக்கவே கூடாது, கனம் எடுக்கவே கூடாது என்று நெடுங்காலம் பெண்களை அடக்கி வைத்திருந்தார்கள். 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீர் தொந்தரவுகள் குறைந்தன. குடம் தூக்கலாமா என்ற கேள்விக்குப் பிசியோ பெண்ணும் "மெதுமெதுவா கூட்டுங்க, ஸ்லீவ் போட்டுக்கிட்டு" என்றுதான் சொன்னார். புற்று இந்த நீவலில் பரவிவிடுமோ என்று மகள் மெல்லக் கேட்டார். டாக்டர் பார்த்து, நோய் அடங்கியிருக்கிறது என்று எழுதித் தந்த பிறகுதான் கைவைக்கிறோம் என்று பிசியோ பெண் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

வெளியே பெஞ்சில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே யானைக்கால். அவருடைய வீக்கமும் இதே வழி அடைபட்டதால் வந்ததுதான். அங்கே கத்தி செய்ததை இங்கே கொசு கொண்டுவந்த புழு செய்திருக்கிறது. கும்பகோணம் போன்ற ஊர்களின் பேரோடு இந்தக் காலைச் சேர்த்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது. வருஷத்துக்கொரு முறை வீடு வீடாக மாத்திரை கொடுத்ததில் புதிதாக வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனால் மாத்திரை பரவுவதைத் தடுக்குமே தவிர, முன்பே வீங்கிய காலை இறக்காது. பெரியவருக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது, கட்டு வருவதில்லை. காசர்கோட்டில் ஒரு தோல்நோய் ஆய்வு நிறுவனம், ஆயுர்வேதம், யோகா, நீவல், கட்டு எல்லாவற்றையும் கலந்து யானைக்கால் நோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறது. இந்தப் பெரியவரோ கால் கழுவும் வைத்தியத்தை மட்டும் செய்துவருகிறார். தினம் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைத்து, உட்கார்ந்திருக்கும்போது காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வது. கேட்க அற்பமாகத் தோன்றும். காய்ச்சலோடு கால் சிவந்துகொள்ளும் தொல்லை அவருக்கு இதனால் குறைந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தியின் முறை வந்தது. சித்திக்கும் அதே கழுத்து, அதே அக்குள், அதே வரிசை. திருவாரூர் அம்மா இதற்குள் முந்தானையால் கட்டுப்போட்ட கையை மூடிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். போகும் முன், கழுத்தில் எங்கே தொடுவது என்று அவர் வலது கையாலேயே செய்து காட்டினார். வேகமாகச் செய்தார், அழுத்திச் செய்தார். "மெதுவாம்மா. ஒரு ஒத்த ரூபா காசு மேல விரல் வெச்சு நகத்துற அளவுக்குத்தான்." மறுபடி செய்தார். இப்போது சரி. கட்டுக்கு முன் பத்து நிமிஷம், ராத்திரி படுக்கும்போது பத்து நிமிஷம், தானே செய்துகொள்ள வேண்டும். அடுத்த வாரம் அளவு பார்க்க வர வேண்டும். எண்ணெய் பாட்டிலை மகள் மறந்துவிட்டுப் போக, பிசியோ பெண் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இதைப் படிக்கிற வீட்டில் யாருக்காவது மார்பக அறுவை சிகிச்சை நடக்கவிருந்தால், நடக்கும் முன்பே இரண்டு கைகளையும் டேப் வைத்து அளக்கச் சொல்லி, அந்த அளவை ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல ஆதாரம். முன்பே நடந்து முடிந்திருந்தால், கை கனக்கிறது, மோதிரம் இறுகுகிறது, ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது என்று தோன்றிய வாரமே அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் கேளுங்கள், நிணநீர் வீக்கத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். கை சிவந்து காய்ச்சலும் இருந்தால் வாரம் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். எண்ணெய் மட்டும் எடுத்துப்போக வேண்டாம்.